பூஜ்யம் கொடுத்துப் பாத்தியா? சி பழகுகிறவர்களுக்குக் கொஞ்சம் பயிற்சி

அக்கா மகள் போன வாரம் வந்திருந்தாள். கல்லூரியில் முதல் வருடம். வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு ஃபோல்டரைக் காட்டினாள், உள்ளே சி என்கிற புரோகிராமிங் மொழியில் எழுதிய நாற்பத்திரண்டு ஃபைல்கள். "மாமா, நூறு புரோகிராம் லிஸ்ட் ஒண்ணு கிடைச்சுது, நாப்பத்திரெண்டு முடிச்சுட்டேன்" என்றாள். குரலில் நியாயமான பெருமை. எனக்கும் சந்தோஷம்தான். ஏதாவது ஒன்றை ஓட்டிக் காட்டு என்றேன்.

ஒரு எண்ணில் எத்தனை இலக்கங்கள் இருக்கின்றன என்று சொல்லும் புரோகிராமை எடுத்தாள். 4567 கொடுத்தாள், 4 என்று வந்தது. 10 கொடுத்தாள், 2. சரி, பூஜ்யம் கொடு என்றேன். கொடுத்தாள். திரையில் 0 என்று வந்தது. கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தாள், அப்புறம் என்னைப் பார்த்தாள். "பூஜ்யம்னா ஒரு இலக்கம் இருக்குல்ல மாமா?"

இருக்கு. அவள் எழுதியிருந்தது, எண் பூஜ்யத்தைவிடப் பெரிதாக இருக்கும்வரை அதைப் பத்தால் வகு, ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டு என்கிற வைல் லூப். வந்த எண்ணே பூஜ்யம் என்றால் லூப்புக்குள் ஒரு தடவைகூட நுழையாது, எண்ணிக்கை ஆரம்பித்த இடத்திலேயே நிற்கும். -123 கொடுத்தாலும் அதே கதை, அதுவும் பூஜ்யத்தைவிடப் பெரிது இல்லையே. நிபந்தனையை 'பூஜ்யத்துக்குச் சமமில்லாத வரை' என்று மாற்றினால் -123 சரியாகிவிடும், பூஜ்யம் அப்போதும் சரியாகாது. அதற்கு டூ வைல் வேண்டும், அதாவது முதலில் ஒரு தடவை செய், அப்புறம் நிபந்தனையைப் பார். "ஓ, டூ வைல் இதுக்குத்தானா? ரெண்டும் ஒண்ணுதான், பரீட்சைக்கு வித்தியாசம் எழுதுறதுக்காக வச்சிருக்காங்கன்னு நினைச்சேன்" என்றாள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் முழுக்க அவளுடைய நாற்பத்திரண்டையும் வரிசையாக உடைத்துக்கொண்டிருந்தோம். இந்தப் பதிவு அதிலிருந்து வந்ததுதான். சி படிக்க ஆரம்பித்திருக்கிற எல்லோரிடமும் அதே நூறு கணக்கு லிஸ்ட் ஏதோ ஒரு வடிவத்தில் இருக்கிறது, அதில் தப்பில்லை, கணக்குகள் நல்ல கணக்குகள்தான். ஆனால் மாதிரி இன்புட்டுக்குச் சரியான விடை வந்தவுடன் டிக் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவதால்தான் நூறு முடித்தும் ஒன்றும் நிற்பதில்லை. ஒவ்வொரு சின்னக் கணக்கிலும் ஒரு குழி இருக்கிறது, அந்தக் குழியில் விழுந்து எழுந்தால் மொழியில் ஒரு விஷயம் புரியும். குழியைப் பார்க்காமல் தாண்டிப் போனால் அந்தக் கணக்கைப் போட்டதாகவே கணக்கில்லை, என்னைப் பொறுத்தவரை.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இதில் புரோகிராம் கோடு எதுவும் ஒட்டவில்லை. வேண்டுமென்றேதான். ஒட்டினால் காப்பி பண்ணுவீர்கள், நானாக இருந்தாலும் பண்ணுவேன்.

தொடங்குவதற்கு, எழுதியதை ஓடும் புரோகிராமாக மாற்றித் தரும் கம்பைலர் ஒன்று வேண்டும், ஜிசிசி, கிளாங் இரண்டில் எது இருந்தாலும் போதும், பிரவுசரிலேயே ஓடும் ஆன்லைன் கம்பைலர்கூடப் பரவாயில்லை. ஒரே ஒரு விஷயம்: கம்பைல் செய்யும் கமாண்டில் மைனஸ் டபிள்யூ ஆல் (-Wall) என்கிற ஆப்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வார்னிங்குகளைக் காட்டச் சொல்லும் ஆப்ஷன் அது. இரண்டு சமக்குறி போட வேண்டிய இஃப்பில் ஒன்றே ஒன்று போட்டிருந்தால் சொல்லும், இன்புட் வாங்கும் ஸ்கேன்எஃப்பில் & குறியை விட்டிருந்தால் சொல்லும், திரையில் காட்டும் பிரிண்ட்எஃப்பில் ஃப்ளோட்டுக்கு, அதாவது புள்ளி வைத்த எண்ணுக்குப் போய் முழு எண்ணின் ஃபார்மட்டைப் போட்டிருந்தால் சொல்லும். புதிதாகப் படிக்கிறவர்கள் மணிக்கணக்கில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் தவறுகளில் பாதி இந்த மூன்றுதான். அது இல்லாமல் ஜிசிசியில் கம்பைல் செய்தால் பெரும்பாலும் வாயைத் திறக்காமல் ஓட்டிவிடும், விடை மட்டும் கன்னாபின்னாவென்று வரும். இன்னொன்று, கையில் இருக்கும் லிஸ்ட் பழையதாக இருந்தால் கோனியோ ஹெடர், திரையைத் துடைக்கும் கிளியர்ஸ்கிரீன் ஃபங்ஷன், வாய்ட் மெயின் எல்லாம் இருக்கும். இவை பழைய டர்போ சி காலத்துச் சங்கதிகள், சி ஸ்டாண்டர்டில் இல்லை. முதல் இரண்டையும் எடுத்துவிட்டு மெயினை இன்ட் ஆக்கிவிட்டால் பெரும்பாலான கணக்குகள் அப்படியே ஓடும்.

ஹலோ வேர்ல்டைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. ஓடினால் கம்பைலர் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

உண்மையான முதல் பயிற்சி என்று நான் நினைப்பது ஃபாரன்ஹீட்டை செல்சியஸாக மாற்றுவது. ஃபார்முலா எல்லோருக்கும் தெரியும்: 32-ஐக் கழி, 5/9-ஆல் பெருக்கு. அதை அப்படியே 5/9 * (எஃப் - 32) என்று எழுதினால் என்ன இன்புட் கொடுத்தாலும் 0 வரும். 212 கொடுத்தால் 0, 98.6 கொடுத்தால் 0. ஏனென்றால் 5-ம் 9-ம் முழு எண்கள், முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி-யில் முழு எண்தான் வரும், புள்ளிக்கு அப்புறம் இருப்பதைத் தூக்கிப் போட்டுவிடும். 5/9 என்பது 0, அதை எதால் பெருக்கினாலும் 0. அக்கா மகளுடைய ஃபோல்டரில் இந்தப் புரோகிராம் இப்படியேதான் டிக் வாங்கியிருந்தது! எப்படி என்று பார்த்தால், அவள் சோதித்த ஒரே இன்புட் 32. அதற்கு விடை 0 என்பது உண்மையிலேயே சரி. 5.0/9 என்று ஒரு புள்ளி வைத்தால் தீர்ந்தது. சரிபார்க்க -40 கொடுங்கள், இரண்டு அளவிலும் ஒரே எண்ணாக இருக்கும் இடம் அது, -40-க்கு -40 வராவிட்டால் எங்கேயோ இடிக்கிறது.

ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பது லிஸ்ட்டில் எல்லோரும் ஊதித்தள்ளும் கணக்கு. 2-ஆல் வகுத்து மீதி 1 என்றால் ஒற்றை, இல்லையென்றால் இரட்டை. இப்போது -7 கொடுங்கள். இரட்டை என்று சொல்லும். சி-யில் % என்றால் வகுத்த மீதி, -7 % 2 என்பது -1, 1 அல்ல. மீதி 1-ஆ என்று கேட்காமல் மீதி 0-வா என்று கேட்டால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரே கேள்வியை இரண்டு விதமாகக் கேட்கலாம், ஒன்றில் ஓட்டை இருக்கிறது, இன்னொன்றில் இல்லை. இதைப் பார்த்த பிறகு நான் எந்த இஃப் எழுதினாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து கேட்டால் எப்படி இருக்கும் என்று ஒரு நொடி யோசிக்கிறேன்.

லீப் வருடத்துக்கு 2023, 2024, 1900, 2000 என்று நான்கையும் கொடுத்துப் பாருங்கள், நான்குக்கும் சரியாகச் சொன்னால் விட்டுவிடலாம். 1900 லீப் இல்லை, 2000 லீப்.

இலக்கங்களை வைத்து விளையாடும் கணக்குகள் லிஸ்ட்டில் ஏழெட்டு இருக்கும். இலக்கங்களின் கூட்டுத்தொகை, எண்ணைத் திருப்பிப் போடுவது, பாலிண்ட்ரோம் (திருப்பிப் போட்டாலும் அதே எண்ணாக இருப்பது), ஆம்ஸ்ட்ராங் எண் என்று. இவை எல்லாம் ஒரே கணக்கு. நிஜமாகவே ஒன்றுதான். % 10 போட்டால் கடைசி இலக்கம் கையில் வரும், / 10 போட்டால் அந்த இலக்கம் எண்ணிலிருந்து கழன்றுவிடும். கையில் வந்ததை என்ன செய்கிறோம் என்பது மட்டும்தான் மாறுகிறது. கூட்டினால் கூட்டுத்தொகை. இதுவரை சேர்த்ததைப் பத்தால் பெருக்கி இதைக் கூட்டினால் திருப்பிப் போட்ட எண். மூன்றிலக்க எண்ணில் ஒவ்வொன்றையும் கனமாக்கிக் கூட்டியது அதே எண்ணாக இருந்தால் ஆம்ஸ்ட்ராங், அப்படி மொத்தம் 153, 370, 371, 407 என்று நான்குதான் தேறும், உங்கள் புரோகிராம் ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தால் கொண்டாடாதீர்கள். அக்கா மகள் இவை ஒவ்வொன்றையும் தனித்தனி மந்திரம் மாதிரி எழுதியிருந்தாள், வேரியபிள் பெயர்கள்கூட வேறு வேறு. நான்கு ஃபைல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதும் "அட, ஒரே லூப்பா இது" என்றாள்.

இதில் 0 கதையை ஏற்கெனவே சொன்னேன். அதோடு ஆம்ஸ்ட்ராங்கிலும் பாலிண்ட்ரோமிலும் இன்னொரு குழி. லூப் முடியும்போது மூல எண் தேய்ந்து தேய்ந்து 0 ஆகியிருக்கும், அதோடு போய் விடையை ஒப்பிட்டால் எதுவுமே பாலிண்ட்ரோம் ஆகாது. முதலிலேயே ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். அப்புறம் 120-ஐத் திருப்பினால் 21 வரும், 021 வராது. இது தப்பா சரியா என்று அவள் கேட்டாள். எண்ணாகப் பார்த்தால் சரி, எழுத்துகளாகப் பார்த்தால் தப்பு. கணக்கு எதைக் கேட்கிறது என்று முடிவு செய்வதும் நம் வேலைதான், லிஸ்ட்டில் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

எனக்கு ரொம்பப் பிடித்த பயிற்சி ஃபேக்டோரியல். எழுதுவதற்கு நான்கு வரி, ஒன்றிலிருந்து அந்த எண்வரை எல்லாவற்றையும் பெருக்கு. பெருக்குத்தொகையை 0-வில் ஆரம்பித்தால் கடைசிவரை 0 என்பதை முதல் தடவை எல்லோரும் அனுபவித்தாக வேண்டும், அதைத் தாண்டிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். 5-க்கு 120. 10-க்கு 3628800. 12-க்கு 479001600. 13-க்கு 1932053504 என்று வரும், இந்த இடத்தில் நிறுத்துங்கள். பார்ப்பதற்கு நல்ல பெரிய எண்ணாக, சந்தேகமே வராத மாதிரி இருக்கிறது. ஆனால் 5-லிருந்து மேலே எந்த ஃபேக்டோரியலிலும் ஒரு 5-ம் ஒரு 2-ம் உள்ளே இருக்கும், ஆகவே கடைசி இலக்கம் 0 ஆகத்தான் இருக்க வேண்டும். இது 4-ல் முடிகிறதே? உண்மையான விடை 6227020800. இன்று நாம் பயன்படுத்தும் பெரும்பாலான கம்பைலர்களில் முழு எண்ணை வைக்கும் இன்ட் என்பது நான்கு பைட், அதில் அதிகபட்சம் 2147483647 வரைதான் கொள்ளும், மேலே போனது வழிந்து கொட்டிவிட்டது. 14 கொடுத்தால் 1278945280 வரும், 13-க்கு வந்ததைவிடச் சின்னது! 14-ஆல் பெருக்கின பிறகு எண் எப்படிக் குறையும்? கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாது. எரர் கிடையாது, புரோகிராம் நின்றும் போகாது, தன்னம்பிக்கையோடு தப்பான விடையைச் சொல்லிவிட்டு முடிந்துவிடும். கறாராகப் பார்த்தால் இன்ட் வழிந்தால் என்ன ஆகும் என்று ஸ்டாண்டர்ட் எந்த உத்தரவாதமும் தருவதில்லை, நான் சொன்ன எண்கள் வழக்கமாக வருபவை. இன்ட்டுக்குப் பதில் அதைவிடப் பெரிய லாங் லாங் போட்டால் 20 வரை தாங்கும், 21-ல் அதுவும் வழியும். பழைய டர்போ சி-யில் இன்ட் இரண்டே பைட், அதிகபட்சம் 32767, அங்கே 7-க்கு 5040 சரியாக வரும், 8-க்கே -25216 என்று வந்துவிடும். ஒரே புரோகிராம், இரண்டு இடத்தில் இரண்டு விடை.

முந்தைய இரண்டைக் கூட்டி அடுத்ததை எழுதிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி வரிசையிலும் இதே வழிதல் இருக்கிறது, 0-வது உறுப்பு 0, முதல் உறுப்பு 1 என்று எண்ணிக்கொண்டு போனால் 46-வது உறுப்புவரை இன்ட் தாங்கும், 47-ல் வழக்கமாக மைனஸில் வந்து நிற்கும். அங்கே பரவாயில்லை, கூட்டிக்கொண்டே போகிற கணக்கில் மைனஸ் வந்தால் யாருக்கும் சந்தேகம் வரும்.

பகா எண். 2-லிருந்து அந்த எண்ணுக்கு முன்வரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார், எதாலாவது மீதியின்றி வகுபட்டால் பகா எண் இல்லை. இங்கே நிறையப் பேர் செய்வது, லூப்புக்குள்ளேயே இஃப், வகுபட்டால் 'இல்லை' என்று பிரிண்ட், எல்ஸில் 'பகா எண்' என்று பிரிண்ட். 9 கொடுத்தால் 2-ஆல் வகுபடவில்லை என்றதும் 'பகா எண்' என்று ஒரு தடவை, 3-ஆல் வகுபட்டதும் 'இல்லை' என்று ஒரு தடவை, இப்படித் திரை முழுக்க மாறி மாறிச் சொல்லிக்கொண்டே போகும். இல்லை என்று சொல்ல ஒரு சாட்சி போதும், ஆமாம் என்று சொல்ல எல்லோரையும் விசாரித்து முடித்திருக்க வேண்டும், அதனால் ஆமாம் லூப்புக்கு வெளியேதான் வர முடியும். வகுபட்டதா இல்லையா என்று குறித்து வைக்கும் கொடி வேரியபிள் ஒன்றை வைத்துக்கொண்டு, லூப் முடிந்த பிறகு அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும். சோதிக்க 91 நல்ல எண், பார்த்தால் பகா எண் மாதிரியே இருக்கும், 7 x 13.

அடுத்த கட்டமாக, எண்ணின் வர்க்கமூலம் வரை வகுத்துப் பார்த்தால் போதும். எந்த எண்ணையும் இரண்டு எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் அதில் ஒன்று வர்க்கமூலத்தைத் தாண்டாது, அதனால்தான். வகுத்துப் பார்க்கும் எண்ணை ஐ என்று வைத்துக்கொண்டு, வழக்கமாக இதை ஐ * ஐ <= எண் என்று எழுதுவார்கள். அழகாக இருக்கும், 2147483647 கொடுக்கும்வரை. அது பகா எண், இன்ட்டில் கொள்ளும் கடைசி எண்ணும் அதுவே. ஐ 46341 ஆகும்போது ஐ * ஐ இன்ட்டுக்குள் அடங்காமல் வழிந்துவிடும், நிபந்தனை பொய்யாகவே ஆகாது. ஐ <= எண் / ஐ என்று எழுதினால் பெருக்கலே இல்லை, வழியவும் வழியாது. இதை அவளுக்கு விளக்கும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்தது உண்மை. நான் எழுதியதையே அவளுக்கு அனுப்பியும் வைத்தேன். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நட்சத்திர முக்கோணங்கள். இவற்றை நிறையப் பேர் திட்டுவார்கள், வாழ்க்கையில் எங்கே நட்சத்திரம் அச்சடிக்கப்போகிறோம் என்று. எனக்கு இதில் ஒரு சொந்தக் கதை இருக்கிறது. கல்லூரியில் லேப் பரீட்சைக்கு ஐம்பது புரோகிராம்களை மனப்பாடம் செய்துகொண்டு போனேன், கமா முதற்கொண்டு. எனக்கு வந்தது ஐந்து வரி பிரமிட். நான்கு நிமிடத்தில் அடித்து முடித்து, அவுட்புட்டும் வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். மேற்பார்வைக்கு வந்தவர் பார்த்துவிட்டு, "இதையே தலைகீழா போடுப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கம்ப்யூட்டருக்குப் போய்விட்டார். தலைகீழ் பிரமிட் என் ஐம்பதில் இல்லை. ஃபார் லூப்பில் ப்ளஸ் ப்ளஸ் இருக்கும் இடத்தில் மைனஸ் மைனஸ் போட்டேன், ஒன்றும் வரவில்லை, இன்னொன்றை மாற்றினேன், நிற்காமல் நட்சத்திரமாக ஓடிக்கொண்டே இருந்தது. கடைசிவரை வரவில்லை.

அன்று யாராவது ஒரு பேப்பரைக் கொடுத்து அட்டவணை போடச் சொல்லியிருந்தால் இரண்டு நிமிட வேலை. வரி 1, இடைவெளி 4, நட்சத்திரம் 1. வரி 2, இடைவெளி 3, நட்சத்திரம் 3. வரி 3, இடைவெளி 2, நட்சத்திரம் 5. இப்படி ஐந்து வரிக்கும் எழுதிவிட்டுப் பார்த்தால் இடைவெளி என்பது 5-லிருந்து வரி எண்ணைக் கழித்தது, நட்சத்திரம் என்பது வரி எண்ணை இரட்டித்து ஒன்று கழித்தது என்று கண்ணுக்கே தெரியும். தலைகீழாக வேண்டுமா, உள்ளே எதையும் தொட வேண்டாம், வெளி லூப்பை 5-லிருந்து 1-க்கு ஓட்டினால் முடிந்தது. நான் மாற்றியது உள் லூப்பின் மைனஸ் மைனஸை. எது எதைக் கட்டுப்படுத்துகிறது என்றே தெரியாமல் ஐம்பதை மனப்பாடம் செய்திருக்கிறேன், பாருங்கள்.

ஒரே பெயரில் பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் அரேவுக்கு வந்தால் பெரிய எண்ணைக் கண்டுபிடிக்கும் கணக்கு. பெரியது என்ற வேரியபிளை 0-வில் ஆரம்பிப்பது வழக்கமான தவறு, -5, -2, -9 கொடுத்தால் பெரியது 0 என்று சொல்லும், அந்த 0 லிஸ்ட்டிலேயே இல்லை. முதல் உறுப்பில் ஆரம்பியுங்கள். இரண்டாவது பெரிய எண் இன்னும் சுவாரசியம்: 9, 9, 4 கொடுத்தால் விடை 9-ஆ 4-ஆ? கேள்வி கேட்டவரிடம்தான் கேட்க வேண்டும், யாரும் கேட்பதில்லை. பக்கத்துப் பக்கத்து எண்களை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் பபிள் சார்ட் எழுதும்போது எத்தனை தடவை ஒப்பிடுகிறது என்று எண்ண ஒரு வேரியபிள் வைத்துப் பாருங்கள், பத்து எண்களுக்கு 45. ஏற்கெனவே வரிசையாக இருக்கும் பத்து எண்களைக் கொடுத்தாலும் அதே 45. ஒரு சுற்றில் எதையும் இடம் மாற்றவில்லை என்றால் நிறுத்திவிடு என்று ஒரு வரி சேர்த்தால் அது 9 ஆகிவிடும்.

அரேயில் எல்லையைத் தாண்டிப் போனால் சி தடுக்காது. ஐந்து உறுப்பு அரேயில் இன்டெக்ஸ் 0-விலிருந்து 4 வரை, லூப்பில் < போட வேண்டிய இடத்தில் <= போட்டால் இல்லாத இன்டெக்ஸ் 5-க்கும் போய்விடும். சில நேரம் குப்பை எண் வரும், சில நேரம் பக்கத்து வேரியபிள் மாறிவிடும், சில நேரம் எதுவுமே ஆகாது, அதுதான் இருப்பதிலேயே மோசம். இந்த மொழியை டென்னிஸ் ரிட்சி 1970-களின் தொடக்கத்தில் பெல் லேப்ஸில் உருவாக்கியது யூனிக்ஸ் என்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதுவதற்கு. எழுதுகிறவருக்கு என்ன செய்கிறோம் என்று தெரியும் என்று நம்பி, ஒவ்வொரு தடவையும் எல்லையைச் சரிபார்த்து நேரத்தை வீணாக்காமல் விட்டுவிடுகிற மொழி. நம்மை அந்த அளவுக்கு நம்பியிருக்க வேண்டாம் என்று எனக்குப் பல தடவை தோன்றியிருக்கிறது.

அந்த நம்பிக்கையின் உச்சம் கெட்ஸ் என்கிற ஃபங்ஷன். ஒரு வரியை வாங்கிப் போடு என்றால் போடும், எவ்வளவு இடம் இருக்கிறது என்று கேட்கவே கேட்காது. 1988-ல் இணையத்தில் பரவிய மோரிஸ் வோர்ம் என்கிற, தானாகவே பரவும் புரோகிராம் நுழைந்த வழிகளில் ஒன்று, கெட்ஸ் பயன்படுத்திய ஒரு சர்வர் புரோகிராம். 2011-ல் வந்த சி ஸ்டாண்டர்டில் அதைத் தூக்கியே விட்டார்கள், ஆனாலும் பயிற்சி லிஸ்ட்டுகளில் இன்னும் உயிரோடு இருக்கிறது. எஃப்கெட்ஸ் பயன்படுத்துங்கள், அது கடைசியில் என்டர் தட்டியதையும் சேர்த்து வைத்துக்கொள்ளும் என்பதை மட்டும் ஞாபகம் வையுங்கள், இல்லையென்றால் பாலிண்ட்ரோம் கணக்கில் எல்லாமே தோற்கும்.

பாலிண்ட்ரோம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஸ்ட்ரிங் பயிற்சியில் விகடகவி என்று தமிழிலேயே கொடுத்துப் பாருங்கள். முன்னாலிருந்து வாசித்தாலும் பின்னாலிருந்து வாசித்தாலும் விகடகவிதான், சின்னக் குழந்தைக்கும் தெரியும். புரோகிராம் பாலிண்ட்ரோம் இல்லை என்று சொல்லும். ஸ்டர்லென் போட்டு நீளம் கேட்டால் 21 என்று சொல்லும், நமக்கு எழுத்து ஐந்துதானே? ஸ்டர்லென் எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. எழுத்துகளைப் பைட்டுகளாக்கி வைக்கும் யூடிஎஃப் 8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், வி என்பது வ-வும் இகரத்தின் மேல்விலங்கும் சேர்ந்த இரண்டு குறி, ஆக மொத்தம் ஏழு குறி, 21 பைட். பைட்டுகளைத் திருப்பினால் எழுத்துகள் சிதறிப்போகும், குறிகளாகத் திருப்பினாலும் மேல்விலங்கு வ-வுக்கு முன்னால் போய் நிற்கும். அக்கா மகள் இதை நம்பாமல் ஒவ்வொரு பைட்டையும் எண்ணாக பிரிண்ட் செய்து பார்த்தாள். அப்புறம் அவள் பெயரின் நீளம், என் பெயரின் நீளம், அவள் தோழிகள் எல்லோருடைய பெயரின் நீளமும் என்று அரைமணி நேரம் ஓடியது. நூறு லிஸ்ட்டில் இல்லாத பயிற்சி, ஆனால் கேரக்டர் என்றால் சி-யில் என்ன என்று அவளுக்கு இனி மறக்காது.

பாயிண்டர், அதாவது இன்னொரு வேரியபிளின் முகவரியை வைத்திருக்கும் வேரியபிள், பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை, இரண்டு எண்களை இடம் மாற்றும் ஃபங்ஷனை எழுதிப் பார்த்தால் பாதி பயம் போய்விடும். முதலில் பாயிண்டர் இல்லாமல் எழுதுங்கள். ஃபங்ஷனுக்குள் பிரிண்ட் செய்தால் மாறியிருக்கும், திரும்பி மெயினுக்கு வந்து பிரிண்ட் செய்தால் பழையபடியே இருக்கும். ஃபங்ஷனுக்குப் போனது ஜெராக்ஸ் காப்பி, அதில் என்ன அடித்துத் திருத்தினாலும் ஒரிஜினலில் ஒன்றும் ஆகாது. இரண்டு இடத்திலும் வேரியபிளின் முகவரியை பிரிண்ட் செய்து பாருங்கள், வேறு வேறாக இருக்கும், அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். அப்புறம் முகவரியை அனுப்பும்படி மாற்றி எழுதினால் ஃபங்ஷன் நேராக ஒரிஜினல் இருக்கும் இடத்துக்கே போய் மாற்றிவிட்டு வரும். ஸ்கேன்எஃப்பில் இத்தனை நாளாக ஏன் & போட்டுக்கொண்டிருந்தோம் என்பதும் அதே நொடியில் புரியும். மூன்றாவது வேரியபிள் இல்லாமல் இடம் மாற்றுவது எப்படி என்று ஒரு கணக்கு எல்லா லிஸ்ட்டிலும் இருக்கும். வித்தைக்குச் சரி, கூட்டிக் கழித்தால் வழியும், எக்ஸார் போட்டு ஒரே முகவரியை இரண்டு தடவை அனுப்பினால் 0 ஆகிவிடும். நான் அதில் நேரம் செலவழிக்கச் சொல்ல மாட்டேன்.

எப்படிப் பழகுவது என்று கேட்டாள். நான் சொன்னது இவ்வளவுதான்: ரன் பட்டனை அழுத்துவதற்கு முன்னால் என்ன வரும் என்று பேப்பரில் எழுதி வை, ஒவ்வொரு வேரியபிளுக்கும் ஒரு கட்டம் போட்டு லூப் சுற்றச் சுற்ற மதிப்பை மாற்றிக்கொண்டே வா. எழுதியதும் வந்ததும் வேறாக இருந்தால் அன்றைக்கு அதுதான் பாடம். மறுநாள் காலையில் அந்த ஃபைலைத் திறக்காமல் வெறும் திரையிலிருந்து மறுபடி எழுது. முடிந்ததும் 0 கொடு, 1 கொடு, மைனஸ் கொடு, ரொம்பப் பெரியது கொடு, எண் கேட்கிற இடத்தில் எழுத்தைக் கொடு. கடைசியாகச் சொன்னதற்கு ஸ்கேன்எஃப் என்ன செய்கிறது என்று பார்ப்பதற்கே ஒரு சாயங்காலம் போகும், லூப்புக்குள் இருந்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், கன்ட்ரோல் சி அழுத்தி நிறுத்திக்கொள்ளுங்கள்.

நாற்பத்திரண்டில் ஒன்பது மட்டும் தேறியது அன்றைக்கு. முகம் கொஞ்சம் வாடித்தான் கிளம்பினாள், அக்காகூட "ஏண்டா புள்ளைய அழ வச்சு அனுப்புற" என்று போனில் கேட்டாள்.

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. நான் பெருமையாக அனுப்பியிருந்த பகா எண் புரோகிராம்தான், பெருக்கல் வழியாமல் வகுத்தலை வைத்து எழுதியது. கீழே ஒரு வரி: "மாமா, உங்க புரோகிராம் 1 பகா எண்ணுன்னு சொல்லுது."

ஓட்டிப் பார்த்தேன். சொல்கிறது. 0 கொடுத்தேன், அதையும் பகா எண் என்கிறது.